வாடகைக்கு ஓடிய காரை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வாடகை நிறுவனத்திடமிருந்து ஒரு கார் வாங்கி ஓட்டினேன், அவ்வளவுதான். அந்தப் பாவத்துக்கு, பழைய கார் பார்க்கக் கிளம்புகிற நண்பர்களும் உறவினர்களும் என்னையும் துணைக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார்கள். வண்டி மாறும், ஆள் மாறும், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம். ஒன்று அல்லது இரண்டு வயதான ஆட்டோமேட்டிக் கார், வாடகைக்கு ஓடியதை மறைக்காத விற்பனையாளர், அதற்கேற்ப இறங்கிய விலை, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள். இரண்டு குறைந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வாடகைக் கார்னா டாக்ஸியும் அதுல சேருமா?

சேராது. குழப்பம் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நான் சொல்வது, பயணிகள் சில நாட்களுக்கு எடுத்துத் தாங்களே ஓட்டித் திருப்பிக் கொடுக்கும் கார். டாக்ஸி நாள் முழுக்க நகர நெரிசலில் நின்று நின்று ஓடும். அதன் தேய்மானக் கணக்கே வேறு. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கார்களுக்குக் குறுகிய ஓட்டமும் குளிர்ந்த என்ஜினை அடிக்கடி கிளப்புவதும் அதிகம். ஒரே அலுவலகத்துக்கு மூன்று நான்கு ஆண்டு குத்தகைக்குப் போன கார் பெரும்பாலும் ஒருவரே ஓட்டியதாக இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. வாடகை நிறுவனத்திடம் வாரக்கணக்கில் எடுத்து, செயலி வழியாகச் சவாரி ஓட்டியவர்களின் கார். காகிதத்தில் அது வாடகைக் கார், நடைமுறையில் டாக்ஸி. வயதுக்குப் பொருந்தாத கிலோமீட்டர், பின் இருக்கையில் முன் இருக்கைக்குச் சமமான தேய்மானம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

நல்ல வண்டின்னா அவங்களே வச்சுக்க மாட்டாங்களா? எதுக்கு விக்கிறாங்க?

பழுது வந்துதான் விற்கிறார்கள் என்ற எண்ணம் தவறு. புதுக் காரின் மதிப்பு முதல் ஆண்டில்தான் செங்குத்தாக இறங்கும், பிறகு சரிவு மெல்லக் குறையும். வாடகை நிறுவனத்தின் லாபமே எந்த மாதத்தில் வாங்கி எந்த மாதத்தில் விற்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. புதுக் கார் கேட்கும் வாடிக்கையாளர்களும் பழசாகும் வண்டியை விரும்புவதில்லை. எனவே ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்குள் கைமாற்றிவிடுவது பெரிய நிறுவனங்களின் பழைய வழக்கம்.

இதில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. சில கார்களைக் குறிப்பிட்ட மாதம், குறிப்பிட்ட கிலோமீட்டர் கழித்து இன்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகத் தயாரிப்பாளரே முன்கூட்டி ஒப்பந்தம் போடுவார். மற்றவற்றை வாடகை நிறுவனம் தன் பொறுப்பில் விற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்க வணிகத்தில் இவற்றுக்கு 'ரிஸ்க் கார்' என்றே பெயர். நம் கைக்கு நேரடியாக வருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

எப்போது விற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2020 மே மாதம் அமெரிக்க வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ் திவால் பாதுகாப்புக் கோரியபோது நல்ல கார்களும் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அடுத்த ஆண்டே சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார் கிடைக்காமல், வாடகை நிறுவனங்கள் பழைய கார்களையே நீட்டி ஓட்டின. அந்தக் காலத்தில் வாடகையில் இருந்த கார் என்றால் வழக்கத்தைவிட அதிக நாள் உழைத்திருக்கலாம்.

கண்டவங்க எல்லாம் ஓட்டின வண்டியாச்சே. என்ஜின் செத்துப் போயிருக்காதா?

எல்லோரும் பயப்படும் இடம் இது. என் கணிப்பில் பயம் சரி, இடம்தான் தவறு. வாடகைக்கு எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெட்டிகளோடு வந்திறங்கிய களைத்த மனிதர்கள். கடன் அட்டையில் முன்பணம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். கீறல் விழுந்தால் காசு போகும் என்ற கவலையோடு ஓட்டுவார்கள். அடித்து நொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய என்ஜினில் சுழற்சி எல்லை மீறினால் கணினியே எரிபொருளைத் துண்டித்துவிடும். சூடான என்ஜினை யாரோ ஒருவர் நெடுஞ்சாலையில் நாலு முறை முழு வேகத்தில் விரட்டியதால் அது ஆயுளை இழந்துவிடாது.

என்ஜினைக் கொல்வது ஆயில் குறைவதும் கொதித்துப் போவதும். அந்த வகையில் வாடகைக் காருக்கு உண்மையான ஒரு பலவீனம் இருக்கிறது. சொந்தக்காரர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓரம் கட்டுவார். வாடகைக்கு எடுத்தவர், 'நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறோம்' என்று அப்படியே ஓட்டக்கூடும். இரண்டு சர்வீசுகளுக்கு நடுவே ஆயில் அளவைப் பார்க்கவும் ஆள் இருந்திருக்க மாட்டார். ஆகவே 'எத்தனை பேர் ஓட்டினார்கள்' என்று கேட்பதைவிட, 'சூடேறிய அடையாளம் இருக்கிறதா, ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டதா' என்று கேளுங்கள்.

பல கை பட்டதன் தழும்பு என்ஜினில் இருக்காது, காரின் விளிம்புகளில் இருக்கும். தெரியாத ஊர்ச் சாலையில், பழகாத அளவுள்ள வண்டியை ஓட்டியவர்கள் சக்கரத்தை ஓரக்கல்லில் உரசுவார்கள், பள்ளத்தில் இறக்குவார்கள், பெட்டியை டிக்கி விளிம்பில் இழுப்பார்கள். நான் வாங்கிய காரின் நான்கு அலாய் சக்கரங்களில் மூன்று உரசியிருந்தன. என்ஜின் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

மேனுவல் கியர் வண்டின்னா?

அங்கே உங்கள் பயம் நியாயம்தான். கிளட்ச் என்பது ஓட்டுபவரின் காலுக்கு ஏற்பத் தேயும் பாகம். பெடலில் காலை வைத்தே ஓட்டும் ஒரு பத்துப் பேர் போதும். மூன்றாம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்திப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மாற்றும் செலவை விலையில் கழியுங்கள், இல்லாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.

டீசல் கார் என்றால் தவறான எரிபொருள் நிரப்பப்பட்டதா என்றும் கேளுங்கள். சொந்த வண்டி பெட்ரோல் என்பதால் வாடகை டீசலிலும் பழக்க தோஷத்தில் பெட்ரோலை ஊற்றுகிறவர்கள் உண்டு. டீசலின் உயர் அழுத்த பம்புக்கு டீசலே மசகு. பெட்ரோல் அந்த வழவழப்பைக் குறைத்து பம்பை அரித்துவிடும்.

சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா பண்ணியிருப்பாங்களா?

பெரிய நிறுவனம் என்றால், சராசரிச் சொந்தக்காரரைவிட ஒழுங்காக. அன்பினால் இல்லை, வாரன்டி போய்விடும், நடுவழியில் நின்றால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்பதால். கிலோமீட்டர் எட்டியதும் கணினி அந்த வண்டியைத் தடுத்து நிறுத்தும். ஆனால் அட்டவணையில் இருப்பதைத்தான் செய்வார்கள், அதற்கு மேல் ஒரு துளி இல்லை. நாற்பது, ஐம்பது கார் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களில் இது ஆளுக்கு ஆள் மாறும். எதுவானாலும் வாய்ச்சொல் வேண்டாம், தேதியும் கிலோமீட்டரும் போட்ட பதிவைக் கேளுங்கள். பெரிய நிறுவனத்தால் அதைக் கொடுக்க முடியும். 'இல்லை' என்றால் தர மனமில்லை என்று பொருள்.

சொல்றது சரி, ஆனா ஒரு வருஷ வண்டியில இவ்வளவு கிலோமீட்டரா?

பதறாதீர்கள். இரண்டு ஆண்டில் 50,000 கிலோமீட்டர் ஓடிய வாடகைக் காரின் பெரும்பங்கு நீண்ட பயணமாக இருந்திருக்கலாம். நீண்ட ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூட்டில், சீராக ஓடுகிறது, பிரேக்குக்கும் கியருக்கும் வேலை குறைவு. ஆறு ஆண்டில் அதே 50,000 ஓடிய காரில் ரப்பர் பாகங்களும் பேட்டரியும் வயதாகியிருக்கும். கிலோமீட்டர் மறுவிற்பனை விலையைக் குறைக்கும், வாரன்டியைத் தின்னும். அதற்காகத்தான் கவலைப்பட வேண்டும்.

விலை எவ்வளவு குறைவா இருந்தா வாங்கலாம்?

ஒரு சதவீதம் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். சொல்ல மாட்டேன், எல்லா மாடலுக்கும் பொருந்தும் எண் கிடையாது. நான் செய்யும் கணக்கு இது. அதே மாடல், அதே ஆண்டு, அதே ரகம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர், ஒருவர் மட்டும் ஓட்டிய கார்கள் ஐந்தாறின் கேட்கும் விலையை எழுதிக்கொள்வேன். அதிலிருந்து டயர், சக்கரம், பிரேக், உள்ளே சுத்தம் செய்தல் என்று உடனே வரப்போகும் செலவைக் கழிப்பேன். பிறகு, நாளை நான் விற்கும்போதும் 'வாடகைக்கு ஓடியது' என்று வாங்குபவர் விலையைக் குறைப்பாரே, அதையும் கழிப்பேன். அதற்குப் பிறகும் வாடகைக் காரின் விலை கீழே இருந்தால்தான் லாபம்.

புதுக் காரின் விலையோடு ஒப்பிட்டு மயங்க வேண்டாம். விற்பவர் அந்த ஒப்பீட்டைத்தான் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்திருப்பார்.

வாடகைக்கு ஓடினதைச் சொல்லாம வித்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் பதிவுக் காகிதம். முதல் உரிமையாளர் தனிநபரா, நிறுவனமா என்று பாருங்கள். நிறுவனம் என்றால் அதன் பெயரைத் தேடுங்கள். குத்தகை நிறுவனத்தின் பெயரில் பதிந்து வாடகைக்கு விடுவதும் வழக்கம்.

பிறகு வண்டியே பேசும். கண்ணாடி ஓரத்திலோ கதவுச் சட்டத்திலோ பார்கோடு ஸ்டிக்கர் இருந்த பசைத் தடம். டாஷ்போர்டுக்குக் கீழே எதையோ பொருத்திப் பிடுங்கிய துளை. எரிபொருள் மூடிக்கருகே 'பெட்ரோல் மட்டும்' என்று கூடுதலாக ஒட்டிய எழுத்து. எனக்குப் பிடித்த அடையாளம் சாவி. பல வாடகை நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் பிரிக்க முடியாதபடி ஒரே கம்பி வளையத்தில் கோத்துத் தருவார்கள். மாற்றுச்சாவி எதற்கென்று யோசித்தால் சிரிப்புதான் வரும், தொலைந்தால் ஜோடியாகத் தொலையும். அதனால் இரண்டாவது சாவியை யாருமே பயன்படுத்தாதது போல இல்லாமல், இரண்டிலும் ஒரே அளவு தேய்மானமும் உரசலும் இருந்தால் எங்கே தொங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆன்லைன் ரிப்போர்ட்ல விபத்து எதுவும் இல்லைன்னு இருக்கு. அது போதாதா?

போதாது. வாடகைக் காருக்கு இது மற்றக் கார்களைவிடவும் பொருந்தும். இத்தகைய அறிக்கைகள் காப்பீட்டுக் கோரிக்கை, காவல்துறைப் பதிவு, பணிமனைப் பதிவு போன்றவற்றிலிருந்து திரட்டப்படுகின்றன. பெரிய வாடகை நிறுவனங்களில் பல தங்கள் வண்டிச் சேதத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, தங்களுக்கு வாடிக்கையான பணிமனையில் சரிசெய்துவிடும். காப்பீட்டுக் கோரிக்கையே எழாததால் அறிக்கைக்கும் விஷயம் போய்ச் சேராது. சுத்தமான அறிக்கைக்கு அர்த்தம் 'எங்களுக்குத் தெரிந்து இல்லை' என்பது மட்டுமே.

எனவே பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியோடு போங்கள், அல்லது வைத்திருப்பவரைக் கூட்டிப்போங்கள். தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு காட்டினால் மறுபூச்சு. பல நூறு காட்டினால் உள்ளே பட்டி பூசி நிரப்பியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது, அங்கே இடைவெளிகளையும் நிற வேறுபாட்டையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பம்பர் மறுபூச்சு எனக்குக் குறையே இல்லை, கூரைத் தூணில் மறுபூச்சு என்றால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நேர்ல போறப்ப முதல்ல எதைப் பார்ப்பீங்க?

மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பது போல, டயரை. பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் ஆண்டும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அசல் டயர் என்றால் கார் தயாரான தேதிக்குச் சற்று முன்னதாக இருக்க வேண்டும். மூன்று டயர் அசல், ஒன்று மட்டும் வேறு நிறுவனம், வேறு தேதி என்றால் அந்த மூலையில் ஏதோ நடந்திருக்கிறது. அடியில் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தாங்கும் கைகளைப் பாருங்கள். புதிய டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், பல நாடுகளில் சட்ட எல்லை 1.6. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் தவறியிருக்கிறது.

அடுத்து, காரின் கணினியில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்கும் ஓபிடி (OBD) கருவி. அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலிருந்தும் இதற்கான சாக்கெட் கட்டாயம், மலிவான கருவியே போதும். பிழைக்குறி இல்லை என்றதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். குறிகளை அழித்தவுடன் வண்டியின் சுயபரிசோதனை நிலைகளும் 'தயாரில்லை' என்று மாறிவிடும், அவை மீள சில நாள் ஓட்டம் தேவை. பிழை எதுவுமில்லை, ஆனால் பல சோதனைகள் 'தயாரில்லை' என்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம், அல்லது நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ குறிகளைத் துடைத்திருக்கிறார்கள்.

மறக்காமல் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். சூடாக்கி வைத்திருந்தால் 'இன்னொரு நாள் வருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

மூணு வருஷ வாரன்டின்னு போட்டிருக்கே, எனக்கு மூணு வருஷம் கிடைக்குமா?

கிடைக்காது. வாரன்டி தொடங்குவது கார் முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த நாளில், நீங்கள் வாங்கிய நாளில் அல்ல. இருபது மாதம் ஓடிய வண்டி என்றால் மீதி பதினாறு மாதம், அதுவும் கிலோமீட்டர் எல்லை முதலில் வராமல் இருந்தால். சில நீண்ட வாரன்டிகள் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. அமெரிக்காவில் ஹூண்டாய் தரும் 10 ஆண்டு, 1,00,000 மைல் என்ஜின்-கியர்பாக்ஸ் வாரன்டி இரண்டாவது உரிமையாளருக்கு 5 ஆண்டு, 60,000 மைலாகச் சுருங்கிவிடும். உங்கள் நாட்டு வாரன்டிப் புத்தகத்தில் 'வணிகப் பயன்பாடு' என்ற பத்தியையும் படித்துவிடுங்கள்.

திரும்ப அழைப்பு வேலையெல்லாம் முடிச்சிருப்பாங்கதானே?

அமெரிக்காவில் 2016 ஜூன் முதல், 35-க்கு மேல் கார் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளரால் திரும்ப அழைக்கப்பட்ட வண்டியைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடக் கூடாது. பழைய கார் டீலர்களுக்கு அப்படி ஒரு கூட்டாட்சித் தடை இல்லை. எந்த நாடாக இருந்தாலும், 17 எழுத்துள்ள சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்திலோ சேவை மையத்திலோ கொடுத்து நீங்களே சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பார்க்க டாப் மாடல் மாதிரியே இருக்கு. வசதியெல்லாம் அதே மாதிரி இருக்கும்ல?

கண்ணை நம்பாதீர்கள். வாடகைக்கென்று ஆயிரக்கணக்கில் ஆர்டர் செய்யும்போது சில வசதிகளை நீக்கி விலை குறைப்பார்கள். 2009-இல் அமெரிக்காவில் ஒரு விஷயம் வெளிவந்தது. பெரிய வாடகை நிறுவனம் ஒன்று 2006 முதல் 2008 வரையிலான மாடல்களில் சுமார் 66,000 செவ்ரலே இம்பாலாக்களைப் பக்கவாட்டு ஏர்பேக் இல்லாமல் வாங்கியிருந்தது. பொதுமக்களுக்கான அதே காரில் அது வழக்கமாக வருவது. அவற்றில் சில பிறகு ஏர்பேக் உள்ளவையாக விளம்பரமாகி விற்பனைக்கும் வந்தன. ஆகவே சேசிஸ் எண்ணை வைத்து, தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பொருத்தி வெளிவந்தது என்ற பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

மின்சாரக் கார் மலிவா வருதே, பாய்ஞ்சு பிடிக்கலாமா?

பாய வேண்டாம், நடந்து போங்கள். ஹெர்ட்ஸ் 2021 அக்டோபரில் 1,00,000 டெஸ்லா வாங்குவதாக அறிவித்தது. அதில் ஒரு பங்கு ஊபர் ஓட்டுநர்களுக்குப் போனது. 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாகச் சொன்னது, விபத்துப் பழுதுச் செலவு அதிகம் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு: சவாரி ஓட்டிய காராக இருக்கலாம், மோதிச் சரிசெய்ததாக இருக்கலாம். இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்று மேலே சொல்லிவிட்டேன்.

பேட்டரி தனிக் கேள்வி. வாடகையில் இருந்த கார் அதிவேக சார்ஜரையே அதிகம் கண்டிருக்கலாம். பேட்டரி நலம் பற்றிய அறிக்கையைச் சேவை மையத்திலிருந்து எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உறுதி தருகிறார்கள். அந்த உறுதி பாக்கி இருந்து, அறிக்கையும் நன்றாக இருந்தால், இறங்கிய விலை உங்களுக்குச் சாதகம்தான்.

கம்பெனிகிட்டயே நேரா வாங்குறதா, டீலர்கிட்டயா?

கிடைத்தால் நேராக. தன் பெயரில் விற்க நல்ல வண்டிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஏலத்துக்கு அனுப்புவதுதான் பொதுவான நடைமுறை. ஏலத்தில் எடுத்த டீலர் மெருகேற்றி விற்பார், முன்கதை அவருக்கே முழுதாகத் தெரியாது. நேர்விற்பனையில் பேரம் படியாது, விலை பெரும்பாலும் நிலையானது. பதிலுக்கு சில நிறுவனங்கள் சில நாளுக்குள் திருப்பித்தர அனுமதிக்கும். அந்த நாட்களில் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள், அலமாரியில் வைத்த புடவை மாதிரி வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

வாங்கிட்டேன். முதல் வேலை என்ன?

தொடுதிரையில் இருக்கும் முந்தையவர்களின் செல்போன் பெயர்களையும் முகவரிகளையும் அழித்து, தொழிற்சாலை நிலைக்கு மாற்றுங்கள். தயாரிப்பாளரின் செயலியில் வண்டி இன்னும் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விடுவிக்கச் சொல்லுங்கள். இருப்பிடம் காட்டும் கருவி, சுங்கக் கட்டண அட்டை இரண்டையும் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஆயிலும் ஏசி வடிகட்டியும் மாற்றுங்கள். அந்த வடிகட்டியை வெளியே எடுக்கும்போது, காருக்குள் யாரெல்லாம் புகைபிடித்தார்கள் என்று மூக்கே சொல்லும்.

எங்க நாட்டுல வாடகைக் காருக்கு நம்பர் பிளேட்டே வேற கலர். மாத்த முடியுமா?

மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகே பணம் கொடுத்து வாங்குங்கள். வணிகப் பதிவுள்ள காரைத் தனிநபர் பெயருக்குக் கொண்டுவர அனுமதி ரத்து, வரி வித்தியாசம், கடன் நிலுவை இல்லை என்ற சான்று என்று அலைச்சல் இருக்கும். 'நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், விலையில் கொஞ்சம் குறைக்கிறேன்' என்பவரிடம், 'நீங்கள் மாற்றித் தாருங்கள், விலையில் கொஞ்சம் கூட்டுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். தயங்கினால் காகிதத்தில் சிக்கல் இருக்கிறது.

மூணு வருஷம் கழிச்சு நான் விக்கும்போது இதைச் சொல்லணுமா? யாருக்குத் தெரியப் போகுது?

பதிவுக் காகிதத்தில் முதல் உரிமையாளர் பெயர் இருக்கிறதே, அதுவே சொல்லிவிடும். நான் விற்றபோது விளம்பரத்தின் இரண்டாவது வரியிலேயே எழுதினேன். போன் செய்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பெயின்ட் கருவியோடு வந்து, உரசிய மூன்று சக்கரங்களையும் சுற்றிப் பார்த்து, அதற்கான பணத்தைக் கழித்துக்கொண்டு வாங்கிப் போனார்.